"காணோம்" என்ற சொல்லில் தொடங்குங்கள்

என்னிடம் தமிழ் படித்த ஒரு பிள்ளை எழுதிக் கேட்டிருக்கிறார்: "டீச்சர், காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடும் துப்பறியும் நாவலைப் பாதிவரை வாசித்துவிட்டேன். பதற்றம் தாங்காமல் கடைசிப் பக்கத்தைப் புரட்டக் கை போகிறது. புரட்டினால் வாசிப்புக் கெட்டுவிடுமா? எழுத்தாளர் ஒளித்து வைத்திருப்பதைக் கண்டுபிடிக்க இப்படிப்பட்ட கதைகளை எப்படி வாசிக்க வேண்டும்? இன்னொன்று. அட்டையைப் பார்த்த அம்மா, இந்தக் கதையெல்லாம் இந்த வீட்டுக்குள் வேண்டாம் என்றார். 1990 இல் மாமா போனது உங்களுக்குத் தெரியும்தானே. நான் வாசிப்பது பிழையா?"

மகள், கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். நானும் புரட்டியிருக்கிறேன். முடிவு தெரிந்ததும் சுவை போய்விடுகிற நாவல் இரண்டாம் முறை கையில் எடுக்கத் தகுந்ததில்லை. ஆனால் புரட்டுவதற்கு முன் வாசித்த இடத்தில் விரலை வைத்து மூடிவிட்டு, அந்தப் பெண்ணைப் பற்றி உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மற்றவர்கள் சொன்னதை எழுதக் கூடாது. நிச்சயமாகத் தெரிந்தது மட்டும். நூற்றைம்பது பக்கம் வாசித்திருந்தாலும் ஐந்து வரி தேறாது. உங்கள் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

கொலைக் கதையில் முதல் அத்தியாயத்திலேயே ஓர் உடல் கிடக்கிறது. நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது. துப்பறிபவர் ஆறுதலாகத் தேநீர் குடித்துக்கொண்டு யோசிக்கலாம். ஆள் காணாமல் போன கதையில் எதுவும் முடியவில்லை. அவர் தானாகப் போயிருக்கலாம், யாரோ கொண்டுபோயிருக்கலாம், வழியில் விபத்து நடந்திருக்கலாம், அல்லது அவர் எங்குமே போகாமல் அந்த வீட்டின் கிணற்றடியிலேயே இருக்கலாம். ஒவ்வொரு தடயமும் இந்த நான்கு பக்கமும் இழுக்கும். முதல் நாள் வங்கியில் பணம் எடுத்திருந்தால், ஓடிப்போகத் திட்டமிட்டார் என்றும் சொல்லலாம், மிரட்டி எடுக்கவைத்தார்கள் என்றும் சொல்லலாம். நல்ல எழுத்தாளர் இந்த நான்கு கதவையும் நீண்ட நேரம் திறந்து வைத்திருந்து, ஒவ்வொன்றாக, நம் கண்முன்னால் அடைப்பார். அடைத்த கதவைக் கடைசி அத்தியாயத்தில் திரும்பத் திறப்பவர் நம்மை ஏமாற்றுகிறார்.

இனி, எப்படி வாசிப்பது என்ற கேள்வி. நான் தமிழ் கற்பித்தவள் என்பதால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: வினைச்சொற்களைக் கவனியுங்கள்.

நாம் ஒருவரைத் தேடும்போது என்ன சொல்கிறோம்? "தம்பியைக் காணோம்." அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். காண், ஓம். தன்மைப் பன்மை, எதிர்மறை. நாங்கள் காண்கிறோம் இல்லை என்பது பொருள். அந்த வாக்கியத்தின் எழுவாய் தொலைந்த தம்பி அல்ல, தேடுகிற நாம். பத்திரிகை விளம்பரத்தில் "காணவில்லை" என்று போட்டாலும், காணாதிருப்பது யாரோ ஒரு வீட்டாரின் கண்தான். ஆளே போய்விட்டார் என்று சொல்வதற்கு முன், எங்கள் கண்ணுக்கு அவர் அகப்படவில்லை என்றுதான் தமிழ் சொல்கிறது. இந்த வகை நாவலும் அப்படித்தான் நடக்கிறது. ஐந்நூறு பக்கம் நம்முடன் இருப்பவர்கள் தாய், கணவன், தங்கை, அயலவர், பொலிஸ்காரர். இல்லாத ஒருவரைப் பற்றி இவர்கள் சொல்வதைக் கொண்டுதான் அவரை நாம் கட்டியெழுப்புகிறோம். ஆகவே தேடப்படுபவரைவிடத் தேடுபவர்களைக் கூர்ந்து பாருங்கள்.

இதில் நம் திருகோணமலைக்கு ஒரு பழைய உரிமை உண்டு. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல், 1885 இல் சித்திலெப்பை எழுதிய அசன்பேயுடைய கதை. எகிப்தில் பிறந்து கடத்தப்பட்ட ஒரு குழந்தையைப் பற்றியது. அடுத்தது 1891 இல் நம் ஊர் இன்னாசித்தம்பி எழுதிய ஊசோன் பாலந்தை கதை. ஐரோப்பியக் கதையொன்றின் தழுவல்தான். காட்டில் பிறந்த இரட்டைக் குழந்தைகளில் ஒன்றைக் கரடி தூக்கிக்கொண்டு போய்விடுகிறது, மற்றது அரண்மனையில் வளர்கிறது. ஈழத்துத் தமிழ் நாவலின் முதல் இரண்டு அடிகளும் தொலைந்த பிள்ளையின் பின்னால் வைத்த அடிகள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்த்திருக்கிறது.

இப்போது சாட்சிகளுக்கு வருவோம். இந்த வகைக் கதையின் உயிர், "கடைசியாகக் கண்டவர்" சொல்லும் வாக்குமூலம். ஓர் உதாரணம் கட்டிப் பார்க்கிறேன். நம் ஊர் இறங்குதுறையிலிருந்து மூதூருக்குப் படகு. ஒருவர் காலையில் மனைவியிடம், "மூதூருக்குப் போய் மாலை வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். மாலை வரவில்லை. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. மூன்று பேர் சாட்சி சொல்கிறார்கள். தேநீர்க் கடைக்காரர்: "பிளேன் டீ குடித்தார், படகுக்கு நேரமாகிவிட்டது என்று மிச்சக் காசையும் வாங்காமல் போனார்." டிக்கெட் கொடுத்தவர்: "அவருடைய குடை எனக்கு நன்றாகத் தெரியும், வரிசையில் நின்றது." படகோட்டி: "அந்தக் குடையை மூதூரில் இருக்கைக்குக் கீழே கண்டெடுத்தேன்."

மூன்றையும் கேட்டவுடன் நம் மனம் என்ன செய்கிறது? அவர் படகில் ஏறினார் என்று முடிவு கட்டிவிடுகிறது. பொலிஸாரும் மூதூரில் தேடத் தொடங்குகிறார்கள். நூறு பக்கம் மூதூரிலேயே போகும். ஆனால் அவர் ஏறியதைக் கண்டேன் என்று யாராவது சொன்னார்களா? கடைக்காரர் கண்டது அவர் கடையை விட்டுப் போனதை. டிக்கெட்காரர் கண்டது ஒரு குடையை. படகோட்டி கண்டதும் குடையைத்தான். ஏறியது குடை. மனிதர் கரையிலேயே நின்றுவிட்டிருக்கலாம். எழுத்தாளர் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. "நின்றது" என்று அஃறிணை முற்றைக்கூட எழுதி வைத்திருக்கிறார். இடைவெளியை நிரப்பியவர்கள் நாம். நான் வாசிக்கும்போது பென்சிலால் "கண்டேன்" என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் ஒரு சின்னக் கோடு போடுவேன். எதைக் கண்டார் என்பதை மட்டும் ஓரத்தில் எழுதுவேன். பாதிப் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

இடமும் காலமும் இதோடு சேர்ந்தவை. கிண்ணியாப் பாலம் 2009 இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய காலத்தில் நடக்கும் ஒரு கதையில் ஒருவர் நள்ளிரவில் கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு வந்தார் என்றால், எந்தத் துறையில், யாருடைய தோணியில் என்று கேட்க வேண்டும். பாலம் இல்லாத இடத்தில் இன்னொரு சாட்சி இருந்தே தீர வேண்டும். நமக்குத் தெரியாத நாட்டுக் கதைகளிலும் இதேபோல ரயில் நேரம், வற்றுப்பெருக்கு, பனி என்று எழுத்தாளர் தருகிற சிறிய தகவல்களைத் தாண்டிப் போகாதீர்கள். அவற்றை அவர் அழகுக்காக எழுதுவதில்லை.

இன்னொரு விஷயம்: தடயம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இதற்குக் கற்பனைக் கதை தேவையில்லை. துப்பறியும் நாவல்களால் உலகப் புகழ் பெற்ற அகதா கிறிஸ்டியே 1926 டிசம்பர் 3 ஆம் திகதி இரவு வீட்டிலிருந்து காரில் புறப்பட்டுக் காணாமல் போனார். மறுநாள் கார் வேறொரு மாவட்டத்தில், சரிவான ஓரிடத்தில் கிடந்தது. உள்ளே குளிருக்குப் போடும் மேலங்கியும் சாரதி அனுமதிப் பத்திரமும் இருந்தன. பொலிஸாரும் பொதுமக்களும் பெருங்கூட்டமாகப் புல்வெளிகளைச் சல்லடை போட்டார்கள். அருகிலிருந்த குளத்தையும் விடவில்லை. பதினொரு நாள். டிசம்பர் 14 அன்று, வடக்கே தொலைவில் உள்ள ஹரகேட் என்ற ஊரின் ஹோட்டல் ஒன்றில் அவர் இருந்தார். அங்கே இசைக்குழுவில் வாசித்தவர்கள்தான் அடையாளம் கண்டார்கள். பதிவேட்டில் அவர் எழுதியிருந்த பெயர் திருமதி நீல். நீல் என்பது யாருடைய குடும்பப் பெயர் தெரியுமா? கணவர் விரும்பிய பெண்ணுடையது. குளத்தில் தேடியவர்களுக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லியிருக்காது. அந்த வீட்டுக்குள் நடந்த சண்டை தெரிந்தவருக்கோ எல்லாம் சொல்லியிருக்கும். பின்னாளில் எழுதிய தன்வரலாற்றிலும் அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆகவே உங்கள் நாவலில் ஊரே காட்டில் தேடும் அத்தியாயம் வரும்போது, நீங்கள் வீட்டுக்குள் போய் நில்லுங்கள். அவர் எதை எடுத்துக்கொண்டு போனார், எதை விட்டுப் போனார், எந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை என்று பாருங்கள்.

மறுபடியும் வினைச்சொல். ஆங்கிலக் கதைகளில் ஒரு பழைய உத்தி உண்டு. காணாமல் போனவரைப் பற்றிப் பேசும் கணவன் தன்னையறியாமல் இறந்தகாலத்தில் பேசிவிடுவான். அவள் செத்தது அவனுக்கு மட்டும் தெரியும் என்று துப்பறிபவர் அங்கே பிடித்துக்கொள்வார். தமிழில் இந்த உத்தி வேறு மாதிரித்தான் வேலை செய்யும். "அவளுக்குச் சொதியென்றால் உயிர்" என்று சொன்னால் அதில் வினையே இல்லை, காலமும் இல்லை. குற்றவாளி தப்பிவிடலாம். "அவளுக்குச் சொதி பிடிக்கும்" என்ற வாக்கியத்தில்தான் தமிழ் தன் வேலையைக் காட்டுகிறது. "பிடிக்கும்" என்பது நேற்றும் இன்றும் நாளையும் சேர்ந்த சொல். அதைச் சொல்லும் தாய்க்கு மகள் இன்னும் வரப்போகிறவள். "பிடித்திருந்தது" என்று ஒருவன் சொன்னால், அவன் மனத்துக்குள் ஏதோ ஒரு கதவு சாத்தப்பட்டுவிட்டது. மொழிபெயர்ப்பு நாவல் வாசிக்கிறீர்கள் என்றால் இந்த இடத்தில் கவனம் தேவை. மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் "பிடிக்கும்" போட்ட இடத்தில் மூலத்தில் இறந்தகாலம் இருந்திருக்கலாம். தமிழிலேயே எழுதுகிற கெட்டிக்கார எழுத்தாளர் ஒரு பாத்திரத்தை முதல் அத்தியாயத்தில் "பிடிக்கும்" என்றும் ஐந்தாம் அத்தியாயத்தில் "பிடித்திருந்தது" என்றும் பேசவிட்டால், அந்த இரண்டுக்கும் இடையில் அவருக்கு ஏதோ தெரியவந்திருக்கிறது. நடுவிலுள்ள மூன்று அத்தியாயங்களையும் திரும்ப வாசியுங்கள்.

விகுதிகளும் காட்டிக்கொடுக்கும். தமிழில் ஒருவன் வந்தானா ஒருத்தி வந்தாளா என்பதை வினைமுற்றே சொல்லிவிடும். ஆளை மறைக்க விரும்பும் எழுத்தாளருக்கு இது பெரிய தொல்லை. அதனால் இரவில் மதில் ஏறியது "ஓர் உருவம்" ஆகிவிடும், அல்லது திடீரென்று மரியாதை கூடி "அவர் வந்தார்" ஆகிவிடும். எல்லாரையும் அவன், அவள் என்று எழுதிக்கொண்டு வந்தவர் ஒரு பக்கத்தில் மட்டும் "அவர்" என்று எழுதினால், அங்கே ஆணா பெண்ணா என்பது மறைக்கப்படுகிறது. நடுவில் சாய்வெழுத்தில் யாரோ ஒருவருடைய நாட்குறிப்பு வந்தால் அதற்கும் காரணம் இதுவே. "நான் காத்திருந்தேன்" என்பதில் ஆண்பால் பெண்பால் தெரியாது. அதை எழுதியவர் கணவன் என்று நீங்களாகவே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

முடிவு நியாயமானதா என்பதை அளக்கவும் வழி இருக்கிறது. 1929 இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். முதல் விதியின்படி குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வாசகர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். எல்லா விதிகளையும் நான் ஏற்பதில்லை, ஆனால் இதை ஏற்கிறேன். நானூறாம் பக்கத்தில் புதிதாக ஒருவர் வந்து குற்றத்தைச் சுமந்தால், அதுவரை நீங்கள் செலவழித்த கவனத்தை எழுத்தாளர் மதிக்கவில்லை. எனக்கு அதைவிடக் கோபம் வருவது இன்னோர் இடத்தில். காணாமல் போன பெண்ணுக்கு ஒரு சிவப்புச் சட்டை, ஒரு புகைப்படம், ஓர் அழகான சிரிப்பு தவிர வேறொன்றுமே கொடுக்காத நாவல்கள் இருக்கின்றன. அவளுக்கு என்ன பயம், யாரிடம் கடன், எந்தப் பாட்டு வாயில் வரும், ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட நாவலில் அவளைக் கண்டுபிடித்தால் என்ன, கண்டுபிடிக்காவிட்டால் என்ன?

இனி உங்கள் அம்மா.

"மாமா போனது" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "தம்பியைக் கொண்டுபோன வருடம்" என்றுதான் சொல்வார். இந்த ஒரு வினைச்சொல்லுக்காக நம் மண்ணில் தாய்மார் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். காணாமல் போனோர் என்றால் தாமாகப் போனவர்கள்போல ஆகிவிடும். காணாமல் ஆக்கப்பட்டோர் என்று சொல்லுங்கள் என்றார்கள். 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரத்தில் படங்களை ஏந்தி அவர்கள் இருந்தபோது, பதாகைகளில் எழுதியிருந்த சொல் அதுதான். செயப்பாட்டு வினை. யாரோ செய்திருக்கிறார் என்பதை அந்தச் சொல் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: நீங்கள் வாசிக்கும் நாவலும் இதே பயணத்தைத்தான் போகிறது. முதல் அத்தியாயத்தில் காணோம். பிறகு காணாமல் போனாள். கடைசியில் ஆக்கப்பட்டாளா, யாரால்?

சட்டமும் இந்தச் சொற்களோடு தடுமாறியிருக்கிறது. 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி, ஒருவரைப் பற்றி ஏழு வருடம் அவருக்கு வேண்டியவர்கள் எதுவும் கேள்விப்படாவிட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். கதைகளில் ஏழு வருடக் கணக்கும் காணியும் காப்புறுதியும் அடிக்கடி வருவது இந்த வகைச் சட்டங்களால்தான். நம் நாட்டில் 2016 இல் மரணப் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக் கிடைக்கவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் கொடுக்க வழி செய்தார்கள். பிள்ளை செத்துவிட்டான் என்று கையெழுத்துப் போட மறுத்த தாய்மாரை மனத்தில் வைத்து இதைப் பாருங்கள். நாவலில் ஏழு வருடம் என்பது ஒரு திருப்பம். நம் வீடுகளில் ஏழு வருடம் திரும்பத் திரும்ப வந்து போகிறது.

ஆகவே நீங்கள் வாசிப்பது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். கதையில் கடைசிப் பக்கம் உண்டு, யாராவது ஒருவர் பதில் சொல்வார். அதற்காகவே நம்மில் பலர் இந்தப் புத்தகங்களைத் தேடிப் போகிறோம். ஆனால் அதே காரணத்துக்காகவே அம்மாவால் இதைத் தாங்க முடியாமலும் இருக்கலாம். அட்டையை மேசையில் கவிழ்த்து வைக்காதீர்கள், ஒளித்தும் வாசிக்காதீர்கள். கேளுங்கள். வேண்டாம் என்றால் கடற்கரையில் போய் வாசித்துவிட்டு வாருங்கள். கதை என்ன என்று அவராகக் கேட்டால், தேடுகிறவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

அதைச் சொல்வதற்குக் காரணம் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய மகன் 1990 இல் ஒரு காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவன். கண்ணில் புரை விழுந்தபின் அவரால் வாசிக்க முடியவில்லை. மாலையில் எங்கள் விறாந்தைக்கு முருங்கைக் கீரையும் சுளகுமாக வந்து, "இன்றைக்கு என்ன வாசிக்கிறாய்?" என்று கேட்பார். அன்றைக்கு என் கையில் இருந்தது இப்படிப்பட்ட ஒரு நாவல்தான். மறைக்கப் பார்த்தேன், விடவில்லை. வாசித்தேன். அவர் இலை ஆய்ந்துகொண்டே கேட்டார். ஓரிடத்தில், "மூன்று மாதங்களுக்குப் பின் கோப்பு மூடப்பட்டது" என்று வந்தது. கை நின்றுவிட்டது.

"யார் மூடியது?" என்றார்.

நான் அதற்கு மேல் வாசிக்கப் போனேன்.

"இல்லை, மூடியவனின் பெயர் போட்டிருக்கிறதா என்று பார்."

பின்னால் இரண்டு அத்தியாயம் புரட்டினேன். முன்னால் போய்ப் பார்த்தேன். ஊரின் பெயர் இருந்தது, பொலிஸ் நிலையத்தின் பெயர் இருந்தது, மழை பெய்த விவரம் இருந்தது. பெயர் இல்லை என்றேன். அவர் மறுபடி இலையை ஆயத் தொடங்கினார். மறுநாள் மாலை வந்து, மேலே போகாமல் அந்தப் பக்கத்தையே இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.